இறங்க மறுத்த சூரியன்

எதையும் புத்தகத்தில் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் முழு வேலையும் முடிந்தது என்று நம்பியவன். (அந்த நம்பிக்கை போன தேதி, கிழமை எல்லாம் குறித்துவைத்திருக்கிறேன். மனைவி கேட்டுக்கொண்டதால் இங்கே தரவில்லை.)

கல்யாணமான முதல் வருஷம். அதிராம்பட்டினத்து நண்பர் ஒருவர், தன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பித்தளை செக்ஸ்டன்ட்டைக் கொடுத்தார். சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று கப்பலில் அளக்கும் கருவி. உச்சிவேளை உயரம் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையைச் சொல்லிவிடலாம். கடல் இல்லாத ஊரில் அடிவானத்துக்கு எங்கே போவது? அசையாத நீரில் தெரியும் சூரியனுக்கும் வானத்துச் சூரியனுக்கும் இடையே அளந்து, பாதியாக்கினால் போதுமாம். திருக்காட்டுப்பள்ளியில் மாமனாரின் வயல், குறுவை நடவுக்குத் தண்ணீர் கட்டிக் கண்ணாடியாகக் கிடந்தது.

ஒரே இடைஞ்சல், அதில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் கரையேறி நில்லுங்க. தண்ணி அலையுது" என்றேன்.

நடவாட்களை அழைத்து வந்திருந்த காமாட்சி அக்கா சேற்றுக் கையை இடுப்பில் வைத்தார். "ரெண்டு மணிக்கு வேற வயலுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மாப்ள. பறிச்ச நாத்து நாளைக்குத் தாங்காது."

"பத்தே நிமிஷங்க்கா."

நீர் அடங்கியது. கருவியின் கையை நகர்த்தி, வானத்துச் சூரியனை அதன் கண்ணாடியில் இறக்கி, நீரிலிருக்கும் சூரியனோடு ஒட்டவைக்க வேண்டும். நகர்த்த நகர்த்த அது இறங்கியது, இறங்கியது, பாதியில் நின்றுவிட்டது. களிம்பாக இருக்கும் என்று தேங்காயெண்ணெய் வரவழைத்துப் போட்டேன். இப்போது வழுக்கிக்கொண்டு வந்து அதே இடத்தில் நின்றது.

"என்னவாம்டி?" என்றாள் கரையேறி நின்ற பெண்களில் ஒருத்தி.

"சூரியன் எறங்க மாட்டேங்குதாம்."

"சாயங்காலம் தானா எறங்குமே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

பிறகுதான் கணக்குப் போட்டேன். எங்கள் ஊர் ஆனி மாதச் சூரியன் உச்சியில் எழுபத்தைந்து பாகைக்கு மேல் ஏறும். இரட்டித்தால் நூற்றைம்பதுக்கு மேல். கருவியின் அளவோ நூற்றிருபதோடு சரி. (இந்த இரண்டு விவரமும் எனக்கு மனப்பாடம். ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.)

அதற்குள் மணி இரண்டு. காமாட்சி அக்கா ஆட்களோடு கிளம்பிவிட்டார். மாமா வரப்பில் வந்து நின்று, கிடந்த நாற்றுக்கட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சூரியன் எறங்காட்டி பரவால்ல மாப்ள. நீங்க எறங்குங்க."

நானும் மனைவியும் மாமாவும் இருட்டும்வரை நட்டோம். விடிந்து பார்த்தால் என் பங்கு நாற்று மொத்தமும் மிதந்துகொண்டிருந்தது.

அந்த மூலைக்கு அன்றிலிருந்து 'மாப்ள மூலை' என்று பெயர். போன வருஷம் நடவு இயந்திரம் ஓட்ட வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் வயலை அதற்கு முன் பார்த்ததில்லை. "மாப்ள மூலையிலேருந்து ஆரம்பிங்க" என்றார் மாமா.

வந்தவர் நேராக அங்கே போய் இயந்திரத்தை இறக்கினார். அது எந்த மூலை என்று கேட்கவே இல்லை.