ராணியம்மாள் கடைக் கதவின் வயது

கடைத்தெருச் சரித்திரக்காரர் என்றோர் இனம் உண்டு. ஊர் எதுவானாலும் கடைத்தெருவில் இவர் ஒருவராவது இருப்பார். பெரிய நகரம் என்றால் கோட்டை, கோபுரம், மணிக்கூண்டு என்று அவருக்குத் தீனி ஏராளம். எங்கள் ஜமுனாமரத்தூர் போன்ற மலையூரில், ஒரு முனையில் பஸ் ஹாரன் அடித்தால் மறுமுனையில் டீ குடிப்பவர் டம்ளரை வைத்துவிட்டு நிதானமாக நடந்துபோய் ஏறிவிடக்கூடிய ஒற்றைத் தெருவில், அவர் என்ன செய்வார்? அங்கேயும் செய்வார். அதுதான் அவர் திறமை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் உப்பு வாங்கப் போவீர்கள். இவர் உங்கள் முழங்கையைப் பிடிப்பார். இந்தச் சுவரை யார் கட்டினது தெரியுமா என்பார். தெரியாது என்றால் தொலைந்தீர்கள். தெரியும் என்றாலும் தொலைந்தீர்கள். சுவரை விரல் முட்டியால் தட்டுவார், காரையை நகத்தால் சுரண்டுவார், சுரண்டியதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும்: வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சுண்ணாம்பில் கருப்பட்டியும் கோழிமுட்டையும் போட்டு அரைத்தது. எங்கள் தெருவுக்கு மட்டும் அவர் சொன்ன முட்டைகளைச் சேர்த்தால், வட ஆற்காடு மாவட்டத்துக் கோழிகள் ஒரு தலைமுறைக்கு வேறு வேலையே பார்த்திருக்க முடியாது. ரேஷன் கடைக்கு அடியில் சுரங்கம் வேறு. எங்கே போகிறது? வேலூர்க் கோட்டைக்கு. வேறெங்கே போகும்?

எங்களுக்கு வாய்த்தவர் பஞ்சாட்சரம். செங்கத்தில் புளி மண்டியில் எடை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டு, மலைமேல் இருந்த மகள் வீட்டுக்கு வந்தார். வந்த வாரமே எங்கள் தெருவின் முழுக்கதையும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். நாங்களும் கேட்டதில்லை.

அவருடைய செல்லக் கட்டடம் ராணியம்மாளின் டீக்கடை. சிமெண்டுச் சுவர், ஓட்டுக் கூரை. வாசல் நிலையில் மட்டும் 1836 என்று வெட்டியிருந்தது. போதாதா? விஷயம் இவ்வளவுதான்: எங்கள் பக்கத்தில் புதிதாகக் கட்டுகிறவர்கள் நிலையும் கதவும் புதிதாகச் செய்யமாட்டார்கள். கீழே எங்கேயாவது பெரிய வீடு இடிபட்டால் போய், பழைய மரத்தைப் பேசி முடித்து லாரியில் ஏற்றிவருவார்கள். வைரம் பாய்ந்த மரம், கரையான் தொடாது. ராணியம்மாளும் கணவர் மாதையனும் வாணியம்பாடியில் வாங்கி, ஆலங்காயம் வழியாகக் கொண்டுவந்த கதவு அது. சுவருக்கோ அவர்களுடைய மூத்த பெண்ணைவிட வயது குறைவு.

இதை ராணியம்மாள் சொல்லாமலா இருந்தார்?

"இன்னா சார், இந்தக் கடைய நானும் எங்கூட்டுக்காரரும்தான கட்னோம்?"

"ஒனக்குத் தெரியாதும்மா. நீ குடியிருக்கற. நான் ஆராய்ச்சி பண்றேன்."

அந்த வருஷ ஐப்பசி மழையில் பக்கத்து ஊரில் ஒரு பழைய கட்டடம் விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. ஆனால் ஆபத்தான பழைய கட்டடங்களைப் பார்த்து இடிக்க ஓவர்சீயர் ஒருவர் ஜீப்பில் வந்திறங்கினார். அவரை முதலில் வரவேற்றது யார் என்று நினைக்கிறீர்கள்? ஜீப் கதவைத் திறந்துவிட்டதே பஞ்சாட்சரம்தான். டீக்கடை வாசலில் நிறுத்தி, நிலையைக் காட்டி, ஆண்டைப் படித்து, முட்டைவரைக்கும் வந்துவிட்டார். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷமா என்று ஓவர்சீயர் வாயைப் பிளந்தார். குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று பஞ்சாட்சரத்துக்கு உறுத்தியது. அஸ்திவாரம் இன்னும் பழசு என்று சேர்த்துக்கொண்டார். ஓவர்சீயர் சிவப்புப் பெயின்டால் சுவரில் பெருக்கல் குறி போட்டார். சந்தைக்கு மறுநாள் இடிக்க ஆள் வரும், சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டினது நாங்கள்தான் என்று ராணியம்மாள் அழுது பார்த்தார். கடை போகப்போகிறவர் வேறு எப்படிப் பேசுவார் என்று ஓவர்சீயர் நினைத்திருப்பார்.

ராணியம்மாள் நேராகப் பஞ்சாட்சரத்தின் மகள் வீட்டுக்குப் போனார். சண்டை போடவில்லை.

"பயிர் வெச்ச கொல்லைய வித்துதான் சார் கடையக் கட்னோம். திரும்பிப் போக எங்களுக்கு இன்னா இருக்குது? செவுரு புதுசுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சந்தைக்கு மறுநாள் ஓவர்சீயரும், டிராக்டரில் கடப்பாறையோடு ஆட்களும் வந்தார்கள். தெருவே கூடி நின்றது. பஞ்சாட்சரம் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். சுவர் புதிது, கதவுதான் பழையது, தான் சொன்னது தப்பு என்றார். கேலியை ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன், மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. ஓவர்சீயர் கம்பியால் குத்திப் பார்த்தார். சிமெண்டு உதிர்ந்தது, முட்டை வரவில்லை. குறியை அழிக்கச் சொன்னார். ராணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா?

"ஆனா இந்தக் கதவு இருக்குது பாருங்க..."

ஒரு நவாபின் அரண்மனைக் கதவு, பர்மாவில் வெட்டிக் கப்பலில் வந்த தேக்கு, யானை முட்டியும் அசையாதது, இதற்கு ஜோடி லண்டனில்தான் இருக்கிறது என்று அவர் அடுக்க அடுக்க, ஓவர்சீயர் கதவைத் தடவிக்கொண்டே இருந்தார். இப்பேர்ப்பட்ட பொருள் டீக்கடையில் இருக்கலாமா, காட்சிசாலையில் அல்லவா இருக்க வேண்டும் என்றார். சுவரை இடிக்க வந்த ஆட்களே கதவை நிலையோடு பெயர்த்து டிராக்டரில் ஏற்றினார்கள். அது எந்தக் காட்சிசாலைக்குப் போனது என்று எங்கள் ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ராணியம்மாள் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார், பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்.

"கடை தப்பிச்சிட்ச்சு சார். ராத்திரில வாசல சாத்த இனிமே உங்களதான் நிக்க வெக்கணும்."

வாசலுக்குச் சாக்குப் படுதா வந்தது. அடுத்த பஸ்ஸில் வந்திறங்கிய யாரோ ஒருவரின் முழங்கையைப் பஞ்சாட்சரம் அதற்குள் பிடித்திருந்தார். கதவே வைக்காமல் சாக்குத் தொங்கவிடுவது இந்த மலையின் ஆதிக் கட்டடக்கலையாம்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் 1836 என்று படித்ததும், அது வாணியம்பாடியில் யார் வீடாக இருந்திருக்கும் என்று மனம் ஒரு நடை போய்வரவில்லையா? முட்டை என்றதும், இவன் கிண்டல் செய்கிறான், ஆனால் எங்கள் ஊர்ச் சத்திரத்தில் நிஜமாகவே போட்டார்கள் என்று பக்கத்திலிருப்பவரிடம் வாயெடுக்கவில்லையா? அப்படியானால் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊருக்கு வந்தால் ராணியம்மாள் கடையில் டீ குடியுங்கள். குடித்துவிட்டு வாசலை நிமிர்ந்து பார்க்காமல் பஸ் ஏறிவிடுங்கள். பாவம், இப்போதுதான் தகரத்தில் ஒரு கதவு போட்டிருக்கிறார்.