பலூன்கை நர்ஸம்மாவின் பச்சை ரவிக்கை

கொல்லிமலையில் ‘பழந்துணி’ என்ற ஒன்றே இல்லாமல் செய்த பெருமை பலூன்கை நர்ஸம்மாவைத்தான் சேரும். யுத்தம் நடந்த சமயம். துணிக்குக் கூப்பன்; கூப்பன் இருந்தால் கடையில் துணி இருக்காது. நாங்களெல்லாம் ஒட்டுப்போட்ட வேட்டியோடு நடமாட, அந்த அம்மாள் மட்டும் தினமும் புதிதாக எதையோ தைத்துப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்.

அவரிடம் ஒரு பழைய சீமைக் காலண்டர் இருந்தது. அதில் ஒரு துரைசானி, தோளுக்கொரு பூசணிக்காய் கட்டியதுபோல் கை வைத்த ரவிக்கையில் நிற்பாள். நர்ஸம்மா எதைத் தைத்தாலும் அந்தக் கைதான். கிழிந்த கொசுவலை கழுத்துக்கு லேஸ் ஆகும். உடைந்த குடையின் கறுப்புத் துணியில் ஒரு ரவிக்கை. அடைமழையில் எடப்புளி நாட்டு மலையூர்களுக்குப் பிரசவம் பார்க்கப் போய்த் திரும்பினால் சீலை சொட்டும். தோள் இரண்டும் காய்ந்திருக்கும்.

நான் அங்கே கம்பவுண்டர். சாமான்களுக்கெல்லாம் நானே பொறுப்பு. ஜில்லாவின் பெரிய டாக்டர் சோதனைக்கு வரப்போகிறார் என்று தகவல் வந்த வாரம், டாக்டர் அறையின் பச்சைத் திரை காணாமல் போயிற்று. மூன்றாம் நாள் நர்ஸம்மா பச்சை ரவிக்கையில் வந்து நின்றார்.

சாமான் குறைந்தால் என் வேலை போகும். சர்க்கார் துணியின் ஓரத்தில் மை முத்திரை இருக்கும். அது எந்த மடிப்பில் ஒளிந்திருக்கிறதென்று மருந்து கலக்கும்போது பார்த்தேன். அவர் கட்டுப்போடும்போது பின்னால் நின்று பார்த்தேன்.

“ஏனுங்க கம்பவுண்டரே, என்ற தோளுல பல்லி ஏதாச்சும் உக்காந்திருக்குதுங்களா?”

“இல்லீங்க... தையல் நல்லாருக்குதேன்னு பாத்தனுங்க.”

வரிசையில் நின்ற நோயாளிகள் இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாயங்காலம் நான் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

“நர்ஸம்மா ரவிக்கையையே பாத்துட்டு நிக்கறீங்களாமா?” என்றாள் என் மனைவி.

“அது சர்க்கார் ரவிக்கை, கண்ணு!”

அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்கவில்லை. நான் நர்ஸம்மாவைச் சந்தேகப்பட, மலையே என்னைச் சந்தேகப்பட்டது.

சோதனை நாள். வேலை போயிற்று என்றே முடிவு செய்துகொண்டு போனால், அறை வாசலில் திரை தொங்குகிறது! மேல்பாதி சர்க்கார் பச்சை, முத்திரையோடு. கீழ்ப்பாதி வேறொரு பச்சை, சுருக்கம் சுருக்கமாக.

பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “திரைக்கு எதுக்கய்யா பாவாடை?”

நர்ஸம்மா முந்திக்கொண்டார். “ஈ உள்ள வராதுங்க, சார்.”

“பேஷ்!” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் அவர்.

“என்னங்க இதெல்லாம்?” என்றேன், மூச்சு வந்ததும்.

“உங்க வெள்ளாடு பாதித் திரையைத் தின்னுபோட்டுதுங்க. சொன்னா நீங்க பயத்துலயே காய்ச்சல்ல படுத்துக்குவீங்க. அதான் என்ற சீலையில பாதியக் கிழிச்சு ஒட்டுப்போட்டேன். மிச்சத்துல ரவிக்கை ஆச்சு.”

அந்தத் துணிப் பஞ்சத்தில் அவரிடம் கிழியாமல் இருந்தது அந்த ஒரு சீலைதான். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

“போங்க, போயி ஆட்டைக் கட்டிப்போடுங்க.”

“சரிங்கக்கா” என்றேன். கூடப்பிறந்தவர் என்று யாருமில்லாத என் வாயில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.