இயக்குநர் அறைச் செடியில் ஒரு புது இனம்

தாவர ஆய்வு நிலையத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணியில் இருந்த ஒரு பெண்மணிக்கு, இலைகளில் சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன்களை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிப்பது வேலை. ஊசிமுனை அளவுகூட இல்லாத ஜீவன்களோடு குடும்பம் நடத்தியதால் அலுவலகத்தில் அவருக்குப் பேன் மேடம் என்றே பெயர். புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்து விவரித்தால் வேலை நிரந்தரம் என்பது விதி. பேன்களுக்கு அந்த விதி தெரியவில்லை.

கடைசியில் புது இனம் இயக்குநரின் அறையிலேயே அகப்பட்டது. பசுமை அலுவலக மோகத்தில் அறைக்கொரு தொட்டிச்செடி வைத்திருந்தார்கள். இயக்குநர் அறைச் செடி மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. இலையைத் திருப்பினால், எந்த நூலிலும் இல்லாத பேன். ஆனால் அகப்பட்டதெல்லாம் பெண். ஆண் ஒன்றைப் பார்க்காமல் இனத்தை உறுதி செய்ய முடியாது. இன்னும் நாலு இலை பறிக்க அனுமதி கேட்டு மேடம் மனுப் போட்டார்.

இனத்துக்குத் தம் பெயரை வைப்பதானால் ஆட்சேபமில்லை என்று இயக்குநர் பெருந்தன்மையோடு தெரிவித்தார். கையோடு விவரணையையும் வாங்கிப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"'அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சுற்றிலும் வலை பின்னிக்கொண்டு, இருக்கும் இலையையே உறிஞ்சும்.' என்னம்மா இது? என் பேரை வெச்சுட்டு இப்படியா எழுதுவாங்க?"

"அது அப்படித்தான் சார் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். எழுதறது மரியாதையா இருக்கணும்ல."

அதற்கொரு குழு அமைக்கப்பட்டது. மூன்று மாதம் கூடிக் கூடிப் பேசி, அசையாமல் என்பதை 'நிலையான பணியில்' என்றும், உறிஞ்சும் என்பதை 'கிடைக்கும் வளத்தைப் பயன்படுத்தும்' என்றும் திருத்தியது. எட்டுக் கால் ஆடம்பரமாகத் தெரிகிறது, ஆறாகக் குறைக்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மேடம் கெஞ்சிக் கூத்தாடி எட்டையும் காப்பாற்றினார்.

அனுமதிக் கடிதம் வந்ததும் இயக்குநர் அறைக்கு ஓடினார். செடி பளபளவென்று நின்றது. இலையைத் திருப்பினார். பிளாஸ்டிக். மேலிடத்துப் பார்வையிடல் வருகிறதென்று, வாடிய செடிகளையெல்லாம் முந்தின நாளே எரித்துவிட்டார்களாம். பதினோரு வருஷமும் சேர்ந்து எரிந்ததுபோல் மேடத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கும்மா அழறீங்க? குழு ஒப்புதல் குடுத்தாச்சு. அப்போ இனம் இருந்திருக்கு. இப்போ அழிஞ்சு போச்சு. அழிஞ்ச இனத்துக்குப் பாதுகாப்புப் பிரிவு தொடங்க விதி இருக்கு. நீங்கதான் பொறுப்பாளர், நிரந்தரமா. மாசா மாசம் செடியில தேடிப் பார்த்து அறிக்கை குடுங்க."

"இந்தப் பிளாஸ்டிக் செடியிலயா சார்?"

"அதுதானே இருக்கு."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

ஆறு வருஷமாக அந்தச் செடிக்குக் கீழேதான் அவர் மேசை. நாலு பக்கமும் கோப்புகள். மாதம் பிறந்தால் 'தேடல் தொடர்கிறது' என்று ஒரு வரி எழுதுவார். போன வாரம் தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர், இந்தப் பிரிவு எதற்கு என்று கேட்டார். மேடம் விவரணையை எடுத்து வாசித்தார்.

"'நிலையான பணியில் ஒரே இடத்தில் இருந்து, கிடைக்கும் வளத்தைப் பயன்படுத்தி, சுற்றிலும் தனக்கொரு பாதுகாப்பு ஏற்படுத்திக்கொள்ளும்.'"

வந்தவர் குறித்துக்கொண்டார்.

"சரிம்மா, உங்க வேலை என்னன்னு புரிஞ்சுது. அந்தப் பேனைப் பத்தி ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"