கவுன்ட்டரில் வாங்காதீர்கள்

இரண்டு மொழிகளை முக்கால்வாசி தெரிந்து வைத்திருப்பவர்கள் மேடை ஏறக் கூடாது. ஏறினவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். டீசல், எரிவாயு விலையை வைத்துத் தனியார் ரகசியமாகப் போடும் ஒப்பந்தங்களுக்கு என்னென்ன விதிகள் என்று ஊர் ஊராகச் சொல்லித் தரும் நிறுவனம். (என்ன வேலை என்று என் அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "பேங்க் மாதிரி" என்று சொல்லிச் சமாளிக்கிறாள்.) தரகர் வருவார். "இன்றைய விலைக்குக் கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதத்தில் டீசல் ஏறினால் வித்தியாசத்தை நான் தருகிறேன், இறங்கினால் நீங்கள் தாருங்கள்" என்பார். முறையான சந்தையில் போட்டால் தட்டிக் கேட்க ஆள் உண்டு. மரத்தடியில் போட்டால் மரம்தான் சாட்சி.

இந்த மரத்தடி வியாபாரத்துக்குத்தான் ஆங்கிலத்தில் 'ஓவர் தி கவுன்ட்டர்' என்று பெயர். கவுன்ட்டரே இல்லாத வியாபாரத்துக்கு அப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

திண்டிவனத்தில் லாரிக்காரர்கள் கூட்டம். கடைசி வரிசையில் என் மேலதிகாரி. என் வேலை நிரந்தரமாவது அன்றைய பேச்சில் இருந்தது. முதல் வரிசையில், கஞ்சி போட்ட சட்டையில், கிளியனூரிலிருந்து வந்த என் மாமனார். மைக்குக்குப் பின்னால் என் கால் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல எல்லாரும் செல்போனை சைலன்ட்ல போடுங்க" என்றேன். பிறகு, 'ஓவர் தி கவுன்ட்டர்' வேண்டாம் என்றிருந்த ஆங்கிலக் குறிப்பை மனசுக்குள் தமிழாக்கி முழங்கினேன்: "டீசல் ஒப்பந்தத்தைக் கவுன்ட்டரில் வாங்காதீர்கள்!" மூன்று முறை முழங்கினேன். கைதட்டலில் மாமனார் கைதான் ஓங்கி ஒலித்தது.

டீ குடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் சொன்னார்: "உங்க மாமனாரு விழுப்புரம் பஸ் ஏறிட்டாரும்மா. கவுன்ட்டர் இல்லாத எடமா ஒரு புரோக்கர் வர்றானாம், பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஜூஸ் கடையில. அடமானத்துக்கு லாரி ஆர்.சி. புக்கைக்கூட எடுத்துக்கினு போறாரு. நீங்க சொன்னதுதானே!"

டீயை அப்படியே கீழே வைத்தேன். எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரே லாரி. அது மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். (எப்படி எடுப்பார்? சைலன்ட்டில் போடச் சொன்ன மகராசி யார்?)

மேலதிகாரி "ஃபீட்பேக் மீட்டிங்" என்று கூப்பிடக் கூப்பிட ஓடிப்போய் பஸ் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. டிரைவர் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது இறங்கித் தள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

"கொஞ்சம் ஜல்தியா போகச் சொல்லுங்கண்ணா."

"நீ நடந்துக்கினே வந்தாலும் பஸ்ஸு இதே ஸ்பீடுதான் போவும். பேஜாரு பண்ணாம குந்தும்மா" என்றார் கண்டக்டர்.

ஜூஸ் கடையில் மாமனார் கண்ணாடி மாட்டியிருந்தார். பேனா மூடி திறந்திருந்தது.

"மாமா, போடாதீங்க!"

"நீதானம்மா கவுன்ட்டர்ல வாங்காதன்ன? இங்க எங்க கீது கவுன்ட்டரு? நல்லா பாரு."

தரகரும் பணிவாகச் சொன்னார்: "மேடம் பேச்சைக் கேட்டுத்தான் எனக்கு இன்னிக்கு மூணு போன் வந்திச்சிங்க."

பூமி பிளக்கவில்லை. "நான் சொன்னது தப்பு மாமா. கவுன்ட்டர் இல்லாத மரத்தடியிலதான் வாங்கக் கூடாது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மாமனார் என்னைப் பார்த்தார், தரகரைப் பார்த்தார், பேனாவை மூடினார். ஆர்.சி. புக்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து, தரகரின் போனையே வாங்கி, போன் செய்த மூவரையும் கூப்பிட்டார். "மருமவ சரியாத்தான் சொல்லிச்சு. நமக்குத்தான் காது மந்தம். கையெழுத்து போடாதீங்க."

வெளியில் அப்படி. வீட்டில் வேறு. வேலை எப்படியோ நிரந்தரமானது; கேலி அதற்கு முன்பே நிரந்தரமாகிவிட்டது. போன வாரம் என் மகளுக்கு ஜுரம். மாமனார் மருந்துக் கடையிலிருந்து போன் செய்தார். பதறி எடுத்தேன்.

"ஏம்மா, இங்க கவுன்ட்டர்லதான் குடுக்கறான். வாங்கட்டுமா, இல்ல பின்னாடி மரம் எதுனா கீதான்னு பாக்கட்டுமா?"