பெரிய பிளேனுக்கு வழி விட்டவள்

கோயமுத்தூர்க்காரர்களுக்கு மரியாதை அதிகம் என்று வெளியூரில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த மரியாதையை ஓடுபாதை வரைக்கும் கொண்டுபோன ஒரே ஆள் நான்தான் என்பதைப் பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

சரவணம்பட்டியில் ஏதாவது ஒரு ஐ.டி. கம்பெனி லிஃப்ட் வாசலில் நின்று பாருங்கள். "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல போங்க" என்று நாலு பேர் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். லிஃப்ட் காலியாக மேலே போய்விடும். அந்த மண்ணில் பிறந்தவள் நான். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்த பிறகும், பெரியவர் யாராவது நிற்பது தெரிந்தால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். ஒரு கல்யாணத்தில் மூன்று பந்திக்கு எழுந்து எழுந்து, கடைசியில் வெறும் ரசத்தைக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட என்னை விமானி ஆக்கப்போவதாக அப்பா அறிவித்தார். (ஆசைப்பட்டது நான். ஆனால் ஊரெல்லாம் அவருடைய யோசனை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.) அப்பா லேத் பட்டறை நடத்துகிறவர். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு தம்பி பிளேனு?" என்று பெரியப்பா கேட்டபோது, "ரோட்டுலன்னா எதுக்க லாரி வருமுங்கண்ணா. மேல எதுக்க என்னங்க வரப்போகுது?" என்று வாயை அடைத்துவிட்டார்.

நான் பயிற்சி பெற்ற விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை. (பெயர் வேண்டாம். இன்றைக்கும் அங்கே போய் இறங்க வேண்டியிருக்கிறது.) எங்கள் குட்டி விமானங்களும் பயணிகள் விமானங்களும் அதையேதான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் மாணவி தனியாகக் கிளம்பி, ஒரு சுற்று சுற்றி, பத்திரமாக இறங்குவதுதான் முதல் பெரிய பரீட்சை. அதில் சொதப்பினால், மூட்டையைக் கட்டச் சொல்லும் அதிகாரம் ஆசிரியருக்கு உண்டு.

என் பரீட்சையன்று பட்டறைக்கு லீவு விட்டு, பெரியப்பா உட்பட ஒன்பது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் அப்பா. வெயிலில் வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். அம்மா கையில் கச்சாயம் என்கிற எங்கள் ஊர் வெல்லப் பலகாரம் நிறைந்த தூக்குப்போசி.

ஆசிரியர் இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் ஓடுபாதையின் வாயில் போய் நின்றேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் ரேடியோவில் அழைத்தார். (அங்கே பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.) "ஓடுபாதையில் நுழைந்து உடனே கிளம்பலாம். பின்னால் ஒரு பெரிய விமானம் இறங்க வந்துகொண்டிருக்கிறது."

சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. கணீரென்று சொன்னேன். நுழைந்தேன். மூக்கை நடுக்கோட்டில் வைத்து நிறுத்தினேன். அப்போதுதான் அந்தப் பெரிய விமானத்தின் கேப்டன் ரேடியோவில் தன் தூரத்தைச் சொன்னார். கனமான, வயதான, மரியாதைக்குரிய குரல். அப்படியே எங்கள் பெரியப்பா குரல்.

என் புத்தி உடனே பந்திக்குப் போய்விட்டது. பெரியவர் வந்து நிற்கிறார். கூட அத்தனை பயணிகள். நான் ஒற்றை ஆள். ரேடியோ பட்டனை அழுத்தி, என் வாழ்நாளின் மிகப் பணிவான குரலில் சொன்னேன்: "அவர்கள் முதலில் இறங்கட்டும் சார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை."

கோபுரத்திலிருந்து கேள்வி வந்தது. "நீ இப்போது எங்கே இருக்கிறாய்?"

"ஓடுபாதை மேலேதான் சார். காத்திருக்கிறேன்."

அவர் உடனே பெரிய விமானத்திடம், இறங்காமல் மறுபடி மேலே ஏறச் சொன்னார். தலைக்கு மேலே இரைச்சலோடு ஒரு நிழல் கடந்து போனது. அது போனதும், விதிமுறை, இங்கிலீஷ் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு கோபுரத்தில் இருந்த அந்தக் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் ரேடியோவில் கத்தினார்: "ஏனம்மணி! வழி உடறதுன்னா வழியில இருந்து நவுரோணும்! அங்கயே உக்காந்துட்டு யாருக்கு வழி உடறே?"

வேலிக்கு வெளியே நடந்ததே வேறு. மேலே ஏறிய விமானத்தைக் கைகாட்டி அப்பா சொன்னாராம்: "பாத்தீங்ளா! நம்ம புள்ள நிக்கறான்னு பெரிய பிளேனே ஒதுங்கிப் போகுது!" ஒன்பது பேரும் கைதட்டினார்கள். நான் பறக்கவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் கச்சாயம் விநியோகம் ஆகிவிட்டது.

எனக்குப் பத்து நாள் பறக்கத் தடை. நீக்கிவிடுவார்கள் என்றே நினைத்தேன், சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் ஆசிரியர் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இனிமேல் சொன்னதைச் செய்ய முடியாது என்று தோன்றினால் என்ன செய்வாய்?"

"முடியாது என்று உடனே சொல்வேன் சார். சரி என்று சொல்லிவிட்டால் செய்தே தீருவேன்."

எங்கள் ஊரில் இது திமிர். வானத்தில் இதுதான் மரியாதை. அன்று மதியமே தனியாகப் பறந்தேன். கீழே தென்னந்தோப்புகளும், பக்கத்தில் காலியாக இருந்த ஆசிரியர் இருக்கையும் தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது. ரேடியோ பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டுத்தான் அழுதேன். அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

இப்போது நானே கேப்டன். போன வருஷம் அப்பாவும் பெரியப்பாவும் முதல்முறையாக என் விமானத்தில் கோயமுத்தூர் வந்தார்கள். இறங்கப்போகும் நேரத்தில், முன்னால் இறங்கிய விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லை என்றது கோபுரம். யோசிக்காமல் மேலே ஏற்றினேன். "ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருப்பதால் ஒரு சுற்று சுற்றி வந்து இறங்குகிறோம்" என்று பயணிகளுக்கு அறிவித்தேன்.

பெரியப்பா பயந்துபோய் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி, எறங்காம மேல போறா?" என்று கேட்டிருக்கிறார். விமானம் முழுக்கக் கேட்கிற குரலில் அப்பா பதில் சொன்னாராம்:

"ஒண்ணுமில்லீங்கண்ணா. எலையில ஆளு உக்காந்திருக்குது. நம்ம புள்ள அடுத்த பந்தியில உக்காந்துக்குவா."