காயிலுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வந்தாலும் ஐந்தருவிக்கு வண்டி எடுப்பதில்லை என்று மேலகரம் வல்லிநாயகம் சபதம் எடுத்தார். சத்தமாக அல்ல. மனைவி யோகலட்சுமி அடுப்படியில் இருந்தாள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், மேலகரத்தில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். நாலு வாரமாக அவர்தான் டிரைவர். இன்றைக்கோ பத்து மணிக்குத் தென்காசி கிளப்பில் கேரம் இறுதிப் போட்டி. ஐம்பது வயதில் முதல்முறையாக இறுதிக்கு வந்திருக்கிறார். வந்து இறங்கியிருப்பதோ திருவேங்கடம் ஊரிலிருந்து மைத்துனன் முத்துகுமரன், குடும்பத்தோடு. தண்ணீரை அதிகம் பார்க்காத கரிசக்காட்டு ஆட்கள். அருவிக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார்கள்.

வழி இல்லாமல் இல்லை. போன வாரம் சாரலில் கார் நின்றபோது மெக்கானிக் யஹ்யா சொல்லியிருந்தார்: “அண்ணாச்சி, இக்னிஷன் காயில் சாக்கெட்டுல தண்ணி ஏறுது. நல்லா துடைச்சு, இந்த கிரீஸைப் பூசி மாட்டுங்க. பொட்டுத் தண்ணி ஏறாது.”

இவ்வளவு நல்ல வியாதியை எவனாவது குணப்படுத்துவானா? கிரீஸ் டியூபை ஷேவிங் டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். இன்று விடிந்ததும் பானெட்டைத் திறந்து, அந்தச் சாக்கெட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீரில் அபிஷேகமும் செய்தார்.

எட்டு மணிக்கு எல்லாரும் துண்டும் எண்ணெயுமாக ஏறிவிட்டார்கள். வல்லிநாயகம் இழவு வீட்டு முகத்தை வைத்துக்கொண்டார்.

“ராத்திரி நல்ல சாரல்லா மாப்ள... வண்டி எடுக்குமான்னு தெரியல.”

“சாவியத் திருப்புங்க அத்தான், பாப்போம்.”

திருப்பினார். வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பிவிட்டது. பின்சீட்டில் ஒரே கைதட்டல். வல்லிநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏட்டி, இது எப்படி?” என்று பக்கத்திலிருந்த யோகலட்சுமியிடம் கிசுகிசுத்தார்.

“யஹ்யா அண்ணாச்சி வியாழக்கிழமை போன் பண்ணி, கிரீஸ் பூசியாச்சான்னு கேட்டாவ. டியூப் உங்க டப்பாவுலல்லா கெடந்துச்சு. அண்ணாச்சியவே வரச்சொல்லிப் பூச வச்சிட்டேன்.”

“அப்ப காலைல நான்...”

“பாத்தேன். முழுசா ஒரு செம்பு ஊத்துனீங்க. அதுக்கே வண்டி அசரல. இனி என்ன பயம்?” என்றவள் போனை எடுத்தாள். “சித்தியா? அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் தைரியமா வாங்க. அவங்க வண்டியச் சோதிச்சே பாத்துட்டாவ.”