அத்தைக்குத்தான் கேட்டேன்

“டீச்சர், நான் சரியாத்தானே ஓட்டறேன்?”

மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார். தலை நரைத்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். பக்கத்து இருக்கையில் டீச்சர் ஒருமுறை நெளிந்தால் வேகத்தைக் குறைப்பார். இன்னொரு முறை நெளிந்தால் வண்டியையே நிறுத்திவிடுவார். இன்று வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம்.

“சரியாத்தான் ஓட்டறீங்க சார். ரோட்டைப் பாருங்க.”

“அப்புறம் ஏன் பயப்படறீங்க?”

பயமா? எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பயமெல்லாம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. இது அரிப்பு. அதுவும் நாலு பேர் முன்னால் கை வைக்க முடியாத இடத்தில். ஈறு வீங்கியதற்குப் பல் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். வீக்கம் வடிந்த கையோடு இது ஆரம்பித்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, அதே கதை. பல்வலி என்றால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் புலம்பலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

முதலில் வாசனைச் சோப்பை நுரைக்க நுரைக்கப் போட்டாள். அரிப்போடு எரிச்சலும் சேர்ந்தது. அடுத்து, தண்ணீரில் கிருமிநாசினி கலந்து கழுவினாள். அதன் பிறகு உட்காரவும் முடியவில்லை, உட்காராமல் பிழைப்பும் நடக்கவில்லை.

பக்கத்தில் இருப்பவரோ மருந்துக்கடை வைத்திருக்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

“சார், ஒரு சந்தேகம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டா... லேடீஸுக்கு... அரிப்பு வருமா?”

“தாராளமா வரும்.” தன் தொழில் பேச்சு வந்ததும் மனிதர் ஸ்டியரிங்கின் இறுக்கிப் பிடித்த பிடியைத் தளர்த்திவிட்டார். குரலும் உயர்ந்தது. “கெட்ட கிருமியோட சேர்ந்து நல்ல கிருமியும் செத்துடும். காவலுக்கு ஆள் இல்லாத வீடுன்னு பூஞ்சை வந்து குடியேறிடும். பிறப்புறுப்புல பூஞ்சைத் தொற்றுன்னு சொல்லுவோம்.”

சிக்னலில் நின்ற நேரம். கண்ணாடி இறக்கியிருந்தது. பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார்.

“திரிஞ்ச பால் மாதிரி வெள்ளைப்படுதா?” என்றார் மருந்துக்கடைக்காரர், ஸ்கூட்டர்காரருக்கும் சேர்த்து. “யாருக்கு, உங்களுக்கா?”

“எங்க அத்தைக்கு.”

சொன்ன பிறகுதான் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் வேறு ஆளா இல்லை? மாமியார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்றுப்போக்கைக்கூட ‘உடம்பு சரியில்லை’ என்ற இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிற மனுஷி. அதைவிட, ‘பொம்பளை போய் டிரைவிங் சொல்லிக்கொடுக்கறதா?’ என்று மகன் முகம் சுளித்தபோது, ‘நீ வாயை மூடு’ என்று சொல்லி இந்த வேலைக்கு அனுப்பியவரே அவர்தான். அவருடைய மானத்தை நடுரோட்டில் ஏலம் விட்டாயிற்று. தெரிந்தால் இந்த ஜென்மத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

“அத்தைக்கா? வயசானவங்களாச்சே. அப்ப சும்மா குடுக்க மாட்டேன். சர்க்கரை இருக்கான்னு பாக்கணும், டாக்டர் பாக்கணும்.” மருந்துக்கடைக்காரர் கியர் மாற்றினார். “உங்க வயசுன்னா நாலு கேள்வி கேட்டுட்டு இன்னிக்கே களிம்பு குடுத்திருப்பேன்.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. டீச்சருக்கு அழுகையே வந்தது.

“சர்க்கரையெல்லாம் இல்ல சார். பல்லுக்கு மாத்திரை சாப்பிட்டாங்க. அதுல வந்ததுதான்.”

“அவங்களுக்கு முழுசா பல்செட்டுன்னு போன வாரம் சொன்னீங்களே?”

“பல்செட்டு... குத்திக் குத்தி ஈறு வீங்கிடுச்சு.”

“சோப்பு கீப்பு போட்டாங்களா?”

“போட்டாங்க. கிருமிநாசினி கூட.”

“அடப் பாவமே. வயசான காலத்துல அவங்க பாட்டுக்கு இப்படிப் பண்ணிட்டிருக்காங்க, வீட்ல ஒருத்தரும் கவனிக்கறதில்லையா?”

டீச்சர் மறுபடி நெளிந்தாள்.

“இவ்வளவு நேரமா அவங்களை நினைச்சுத்தான் இப்படித் தவிக்கறீங்களா?”

“ஆமா சார்.”

“நல்ல மருமக,” என்று மெச்சினார் அவர். “உங்க வீடு இந்தப் பக்கம்தானே? நானே அவங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

“வேண்டாம் சார். வளைஞ்சா டிராஃபிக் அதிகம். உங்களுக்குத்தான் இன்னும் திரும்ப வராதே.”

வந்தது. இத்தனை நாள் வராத திருப்பம் அன்றைக்கு வந்தது. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, கிளட்சை அளவாக மிதித்து, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி திரும்பினார். வேறு நாளாக இருந்தால் டீச்சர் கை தட்டியிருப்பாள்.

தெருவுக்குள் நுழைந்ததும் அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, சொல்லி வைத்தாற்போல் அவள் வீட்டு வாசலிலேயே நின்று அணைந்தது.

வாசலில் அத்தை செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்ல அத்தை. நீங்க உள்ள போங்க, வெயில்.”

அதற்குள் மருந்துக்கடைக்காரர் இறங்கிவிட்டார். டீச்சர் பின்னாலேயே ஓடினாள். ஓடினால் இன்னும் எரிந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை, அவர் வாயைத் திறப்பதற்குள் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

“அத்தை, என்னை மன்னிச்சுடுங்க. நான் உங்களைப் பத்தி இவர்கிட்ட...”

அத்தை அவளைப் பார்க்கவே இல்லை. மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், குழாயைக் கீழே போட்டுவிட்டு, விடுவிடுவென்று வீட்டுக்குள் போகத் திரும்பினார்.

“அட, நீங்களாம்மா? இருங்க, போகாதீங்க,” என்ற மருந்துக்கடைக்காரர், அக்கறையோடு டீச்சர் பக்கம் திரும்பினார். “அப்ப போன மாசம் இதே அரிப்புக்கு, ‘என் மருமகளுக்கு, கடைக்கு வர வெக்கப்படறா’ன்னு சொல்லி இவங்க என் கடையில களிம்பு வாங்கிட்டுப் போனாங்களே, அது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?”